அடம்பங்கொடி மேடு

ராகவேந்திரன் காப்பீட்டு நிறுவனமொன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெசன்ட் நகரில் மகள் ஸஹானாவுடன் வசித்தார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். ஞாயிறுதோறும் அக்கம்பக்கத்துக்காரர்களைத் திரட்டிக்கொண்டு கடற்கரையில் குப்பை பொறுக்குவார். நல்லதுதான் செய்கிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அங்கே மீனவர் குப்பத்துக்கு முன்னால் ஒரு மணல்மேடு இருந்தது. அடம்பங்கொடி ஊதாப் பூக்களோடு அதன்மேல் படர்ந்திருக்கும். நடுவில் ராவணன் மீசை என்கிற முள்புல். காற்றில் வரும் பிளாஸ்டிக் பையெல்லாம் அதில்தான் சிக்கும். பொறுக்கிப் பொறுக்கி அலுத்துப்போன ராகவேந்திரன், வைகாசியில் ஒருநாள் ஜேசிபி வரவழைத்து மேட்டையே வழித்துச் சமன் செய்துவிட்டார்.

மேட்டுக்குப் பின்னால் குடியிருந்த செண்பகம் மீன் கூடையோடு நின்று பார்த்தாள்.

"இன்னா சார், கொடியையும் சேத்து வாரிட்டீங்க? அதும்பாட்டுக்குக் கெடந்துச்சு."

"பாம்பு அடையும்மா. இப்போ பாருங்கோ, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். வாட்ஸ்அப் குழுவில் அவருக்குப் பாராட்டு குவிந்தது.

கார்த்திகையில் புயல் வந்தது. செண்பகத்தின் கணவன் பாலு, படகை இன்னும் மேலே இழுத்துக் கட்டப் போயிருந்தான். மேடு இருந்த இடத்தின் வழியாகக் கடல் உள்ளே புகுந்து படகைப் புரட்டிப் போட்டது. அவனுடைய வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு கையுறையோடு போனபோதுதான் ராகவேந்திரனுக்குச் சேதி தெரிந்தது. தண்ணீர் வந்துபோன தடம் மணலில் கிடந்தது. பாலு வீட்டுச் சுவரை ஒட்டி, இயந்திரம் நுழைய முடியாமல் விட்ட துண்டு மேடு மட்டும் கொடியோடு அப்படியே நின்றது. அதைப் பார்த்ததும் அவர் கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்தார்.

சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பாலு எழுந்து உட்காரப் பார்த்தான்.

"நீங்க வந்ததே பெருசு சார். எங்கள யாரு வந்து பாக்கறாங்க?"

மேட்டை வழித்ததால்தான் கடல் உள்ளே வந்தது என்று சொல்லத்தான் போயிருந்தார். பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

பிறகு அவருக்கு ஒரே வெறி, கொடியைத் திரும்ப வளர்த்துவிட வேண்டும் என்று. நாற்றுப் பண்ணையில் அடம்பங்கன்றுகள் வாங்கி நட்டார். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். எல்லாம் மஞ்சளடித்துச் செத்தன. மறுபடி நட்டார், மறுபடி செத்தன.

ஸஹானா கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். செத்த கன்று ஒன்றையும், சுவரோரத்துக் கொடியின் வேர்த் துணுக்கு ஒன்றையும் எடுத்துப்போய்ச் சாயமேற்றினாள். அவரையும் ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் நுண்ணோக்கியில் காட்டினாள். கன்றின் வேர் வெறுமையாக இருந்தது. மற்றதில் நீல இழைகள் உள்ளுக்குள் ஓடி, குட்டி மரங்களைப்போலக் கிளைத்திருந்தன.

"இது என்னடி?"

"பூஞ்சைப்பா. வேருக்குள்ளேயே குடியிருக்கும். வேர் எட்டாத இடத்துலேர்ந்து சத்தும் தண்ணியும் கொண்டுவந்து குடுக்கும். அதுக்குச் செடி சர்க்கரை குடுக்கும். வெறும் மணல்ல செடி பிழைக்கறதே இதுனாலதான். மணலையும் இந்த இழைதான் பின்னிப் பிடிச்சுண்டிருக்கும்."

"அப்போ நான் வழிச்சது கொடியை மட்டும் இல்ல."

அவள் கண்ணாடித் தகட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

"அந்த மேடு இருந்திருந்தா பாலுவுக்கு இப்படி ஆயிருக்காதோ?"

"அவ்வளவு பெரிய புயலுக்கு யாரால சொல்ல முடியும்? ஆயிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம்."

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றாவது சொல்லியிருக்கலாம்.

பூஞ்சை உயிரோடு இருக்கிற மண்ணைக் கொஞ்சம் சேர்த்து நட்டால் பிழைக்கக்கூடும் என்றாள் ஸஹானா. அந்த மண் இருந்தது பாலு வீட்டுச் சுவரோரத்தில்தான். ராகவேந்திரன் வாளியோடு போய் நின்றார். செண்பகம் வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த மேட்டை எடுத்தது என் தப்பு. நீங்க அன்னிக்கே சொன்னேள், நான் கேக்கலை. பாலுகிட்ட சொல்லி மன்னிப்புக் கேக்கணும்."

அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு அப்பவே தெரியும் சார். மேடு பூட்டதாலதான்னு அதுகிட்ட மட்டும் சொல்லாதீங்க. அது கடல் மேல கோவமா கீது. கடல் மேல கோவம்னா ஒருநா ஆறிடும், கால் சரியானா திரும்பப் போவும். மனுசன் மேலன்னு ஆச்சின்னா குடிச்சிக்கினு குந்திக்கும். நீங்க சொல்லிட்டு லேசாப் போயிடுவீங்க. அதுங்கூட நான்தான வாழணும்?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். அவளே குனிந்து, கொடியின் வேர் அறுபடாமல் கையால் மண் அள்ளி வாளியில் போட்டாள். பாதி வாளிகூட நிறையவில்லை.

"இவ்ளோதான் சார். இதுவும் பூட்டா எங்களுக்கு இன்னா கீது?"

அந்த மண்ணோடு நட்டதில் சில கன்றுகள் பிழைத்தன. மேடு ஒன்றும் எழும்பிவிடவில்லை. முழங்கால் உயரத்துக்கு மணல் தங்க ஆரம்பித்திருக்கிறது. பாலு இப்போது கோலூன்றி நடக்கிறான். கடலுக்குப் போக முடியவில்லை. கரையில் வலை பின்னுகிறான். ராகவேந்திரனைக் கண்டால் கூவி அழைப்பான்.

"சார், வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க! எங்களுக்கோசரம் வெயில்ல இப்டிக் கஷ்டப்பட்றீங்களே!"

செண்பகம் தலை நிமிராமல் டீயைக் கொண்டுவந்து வைப்பாள். அவர் மறுக்காமல் வாங்கிக் குடிப்பார்.