மாத்திரை ஸ்டெல்லாவுக்கு மட்டும்தானா?

போன வியாழக்கிழமை எங்கள் குடும்பமே கிளம்பி டாக்டரிடம் சண்டைக்குப் போனது.

"மாத்திரை வேலை செய்யலை டாக்டர்!" என்று ஆரம்பித்தாள் மருமகள் லூர்து. டீச்சர் அல்லவா... குரலிலேயே பிரம்பு இருந்தது.

விஷயம் இதுதான். என் பேத்தி ஸ்டெல்லா ஆறாம் வகுப்பு. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். மாதா கோயில் பூசையில் சாமியார் பிரசங்கத்தை ஆரம்பிப்பதற்குள் நாலு பெஞ்சு தாண்டியிருப்பாள். பாதிக் கணக்கில் எழுந்து போய், வாசலில் கத்தும் காக்காய்க்குப் பதில் சொல்லிவிட்டு வருவாள். கால் பரீட்சையில் கணக்கு ஃபெயில். முழுப் பரீட்சையிலும் இப்படியென்றால் ஆறாவதிலேயே இன்னொரு வருஷம் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் அம்மா வேலை பார்க்கிற ஸ்ரீரங்கம் ஸ்கூலில்!

வெளிநாட்டில் படித்து வந்த இதே டாக்டர்தான் அப்போது சொன்னார்: "இது சேட்டை இல்லீங்க. கவனம் நிக்காத கோளாறு. மருந்து இருக்கு."

மெட்ராஸிலிருந்து மாத்திரை வந்தது. அதிசயம்... ஸ்டெல்லா உட்கார்ந்தாள்! வீட்டில், வகுப்பில், பூசையில். காக்காய்தான் பாவம், தனியாகக் கத்திவிட்டுப் போனது.

அரைப் பரீட்சையில் ஒரு கணக்கு விடாமல் போட்டாள். முத்து முத்தான கையெழுத்து. மறுபடியும் ஃபெயில்.

சண்டைக்குப் போவோமா, மாட்டோமா?

டாக்டர் எங்களை விட்டுவிட்டு ஸ்டெல்லாவைக் கேட்டார்.

"வீட்டுல உக்காந்து கணக்குப் போடறியாம்மா?"

"நிறையப் போடறேன் டாக்டர்."

"தப்பாப் போட்டா யாரு சொல்றது?"

எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "முன்னாடி எல்லாரும் சொல்வாங்க. நான் எந்திரிச்சா அப்பா கத்துவாரு. கத்திட்டு, என்ன போட்டிருக்கேன்னு பாப்பாரு. பஸ்ல அம்மா வாய்ப்பாடு கேப்பாங்க. அப்பாயி பூண்டு உரிச்சுக்கிட்டே, 'இது ஏன்டி இப்படி, அது ஏன்டி அப்படி'ன்னு உயிரை வாங்கும். இப்பதான் நான் பேசாம உக்காந்திருக்கேனே... யாரும் வர்றதில்ல."



பொய்யில்லை. முன்பெல்லாம் ஸ்கூலுக்குப் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பதினேழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தாக வேண்டும். இப்போது பாலம் வந்தால் லூர்து தூங்குகிறாள். என் மகன் அந்தோணி பேப்பரில் வரி விளம்பரம் வரை படிக்கிறான். அப்பாயியான நானோ ரேடியோவே கதி. பிள்ளை சத்தம் போடாமல் இருந்தால் படிக்கிறது என்றுதானே நினைப்போம்?

"மாத்திரை உக்கார வைக்கும். கணக்கு நாமதான் சொல்லிக் குடுக்கணும்" என்றார் டாக்டர்.

"அப்ப எங்களுக்கும் ஒரு சீட்டு எழுதிடுங்க டாக்டர். கவனம் நிக்க மாட்டேங்குது" என்றேன். லூர்து என் தொடையில் கிள்ளினாள்.

அன்று சாயங்காலமே அந்தோணி பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று பேத்தி அழகாக எழுதியிருந்தாள். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டிவிட்டாளாம். பரீட்சை முழுக்க இதே கூத்து.

"ஏம்மா, தட்டுல அரைத் தோசை இருக்கு. இன்னொரு துண்டு வைக்கிறேன். நீ போட்ட அஞ்சுல ரெண்டு மாதிரி பாதியை விடக் குறைஞ்சிருமா?"

ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை. யோசித்தாள்.

"அப்பாயி சுடற குட்டித் தோசைன்னா குறையும்ப்பா."

சிரித்துக்கொண்டே அழித்தாள். மறுபடி போட்டாள். சரியாக வந்தது. 'ஏன்டி இப்படி?' என்று கேட்க, நானும் பூண்டோடு போய் உட்கார்ந்தேன்.

முழுப் பரீட்சை வருகிறது. மாத்திரை தினமும் காலையில், அவளுக்கு மட்டும்.

பாஸானால் பேர் அவளுக்கு. ஃபெயிலானால்... நாலு பேரும் சேர்ந்துதான்!