வெட்டச் சொன்ன ஐந்து பெயர்கள்

சண்டை முடிந்த வருடம், ஒரு புதன்கிழமை, நம் சபைப் போதகர் என் கடைக்கு வந்து ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். வவுனியா அகதி முகாமுக்குச் சாமான் கொண்டுபோய்த் திரும்பியிருந்தார். “கண்டியில் டயர் கடை வைத்திருக்கும் பெரியப்பாவுக்கு” என்று மட்டும் அதில் இருந்தது. எழுதியவள் என் தம்பி சூசையின் மகள். தகப்பன், தாய், இரண்டு அண்ணன்மார், நாலு பேரும் ஷெல் விழுந்து செத்துப்போனார்கள். அந்தப் பிள்ளை மட்டும் முள்வேலிக்குள் தனியாக.

“திங்கட்கிழமை திரும்பவும் போறேன் ஐயா” என்றார் போதகர். “பிள்ளையோட முழுப்பேரு, பிறந்த தேதி, உறவுக்கு அத்தாட்சி, எல்லாம் வேணும். அவ சொல்றதும் நீங்க எழுதுறதும் ஒத்துப்போகணும். இல்லாட்டி வேற பக்கம் கொண்டு போயிருவாங்க.”

வேறு பக்கம் என்றால் என்ன என்று அந்த நாளில் யாரும் கேட்பதில்லை.

எனக்கு அவளுடைய முழுப்பெயர் தெரியாது. “குட்டி” என்று கூப்பிட்டார்கள், அவ்வளவுதான் தெரியும். தெரியாமல் போனதற்குக் காரணமும் நான்தான்.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஹேவாஹெட்ட பக்கம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறி நின்றால் ஓடிப்போய்ச் சில்லுக்குக் கட்டை வைக்கிற கிளீனராக இருந்தேன். பிறகு குட்ஷெட் பஸ் நிலையத்துக்குக் கிட்டச் சொந்தக் கடை போட்டேன். எண்பத்து மூன்று கலவரத்தில் எரித்தார்கள். அதே இடத்தில் இரண்டு மாடி எழுப்பினேன். என்னைப் போல எழும்பினவன் கண்டியில் யார் என்று நானே கேட்பேன். பதில் சொல்ல ஆள் இருந்ததில்லை.

தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் என் அப்பா வெறும் ஒரு நம்பர். அதனால் எங்கள் வம்சத்தைப் பெயர் பெயராக எழுதி வைக்கவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. என் மகள் மேர்சி டீச்சர். வம்சாவளி எழுதுகிற புரோகிராம் ஒன்றைக் கொம்பியூட்டரில் போட்டு, பெயர், பிறந்த நாள், படம் எல்லாம் ஏற்றினாள். அதில் தமிழ் எழுத்து வராது. தமிழையே இங்கிலீசு எழுத்தில் அடிப்பாள். எனக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் திறந்து காட்டுவேன்.

கலவரத்துக்குப் பிறகு சூசை எங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வன்னிக்குப் போனவன். சமாதான காலத்தில் பாதை திறந்தபோது குடும்பத்தோடு வந்தான். அம்மாவுக்குப் பயணம் ஏலாது என்று இரண்டு நாள் சமாளித்தான். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை மேர்சியிடம் கொடுத்து ஏற்றச் சொன்னான். மூன்றாம் நாள் மத்தியானம்தான் உண்மையைச் சொன்னான். அம்மா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

“பாதை பூட்டியிருந்துச்சு அண்ணே. எப்பிடிச் சொல்ல?”

“பெத்தவளுக்கு ஒரு பிடி மண் போட என்னைய விடல்லயே நீ. எனக்குத் தம்பியே இல்ல. போ.”

மேசையில் சோறு இருந்தது. சாப்பிடாமல் போனார்கள்.

அப்போதே மேர்சியைக் கூப்பிட்டேன். “அந்த அஞ்சு பேரையும் வெட்டு. அவன் சொன்னது ஒண்ணும் அதுல இருக்கப்படாது.”

“அப்பா, சித்தப்பா ஒண்ணு எழுதச் சொன்னாரு. அதை மட்டும் கேட்டுட்டு...”

“வெட்டுன்னா வெட்டு.”

பக்கத்தில் நின்று வெட்ட வைத்தேன். மிச்சப் பெயர்களைப் பெரிய அட்டையில் அச்சடித்துக் கடையில் மாட்டினேன்.

நாட்டில் மறுபடி சண்டை மூண்டது. ஒரு நாள் ஆமிச் சிப்பாய்கள் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார்கள். கொம்பியூட்டர் திறந்திருந்தது. வரிசையாக முகங்களும் தேதிகளும். ஏதோ இயக்கத்து ஆள் பட்டியல் என்று எங்களை ஜீப்பில் ஏற்றிவிடுவார்களோ என்று பயந்து, ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகு அந்த வம்சாவளி திறக்கவே இல்லை. அட்டைதான் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது போதகரின் காகிதம் கையில். “அழிச்சது உள்ள எங்கயாவது கிடக்கலாம் அப்பா. ஆனா திறந்தாத்தானே தேடலாம்” என்றாள் மேர்சி. பிள்ளையின் பெயர் அவளுக்கு அரைகுறை நினைவு. தேதி நினைவில்லை. வியாழக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொம்பியூட்டர் திருத்துகிற நிசாம் நானாவிடம் போனோம். வெள்ளி பின்னேரம் வரை பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

“எழுதிக்கிட்டு இருக்கக்குள்ள கரண்ட்ட புடுங்கினா இப்பிடித்தான் மொதலாளி. எல்லாம் கலங்கிப் போச்சு.”

“நான் கேட்டு இந்த டவுன்ல ஆகாத வேலை இல்ல நானா.”

“அது இந்தப் பொட்டிக்குத் தெரியாதே.”

சனிக்கிழமை உபவாச ஜெபம். நீங்கள் பலர் அங்கே இருந்தீர்கள். வழக்கமாக நான் சாட்சி சொல்ல எழும்பினால் ஆண்டவர் என்னை எப்படி உயர்த்தினார் என்றுதான் சொல்வேன். அன்றைக்கு எழும்பினேன். முழங்காலில் விழுந்தேன். “என் தம்பியை நானே வெட்டினேன் ஆண்டவரே. அவன் செத்துவிட்டான். அந்தப் பிள்ளையை மட்டும் தாரும்” என்றேன். ஒருவரும் என்னைத் தேற்றவில்லை. அதுவும் சரிதான்.

அன்று பின்னேரம் நிசாம் நானா மூச்சு வாங்க என் கடைக்குள் வந்தார். கையில் பத்திரிகையில் சுற்றிய ஒரு சீடி.

“அந்த நேரம் ஒங்கட தம்பிக்குக் குடுக்கவெண்டு ஒங்கட மகள் ஒரு சீடி அடிச்சித் தரச் சொன்னா. நான் எப்பவும் ரெண்டு அடிப்பேன், ஒண்டு பிழைச்சா மத்தது. இண்டைக்கு லுஹர் தொழக்குள்ள நெனப்பு வந்திச்சு. தொழுகையில சீடிய நெனைக்கப்படாதுதான்.”

மேர்சிக்கு இப்போதுதான் நினைவு வந்தது. அந்த மூன்றாம் நாள் காலை, நான் சூசையைத் துரத்துவதற்கு முன், அதைச் செய்வித்திருந்தாள். ஒன்று சூசையோடு போய்விட்டது, இரண்டாவது சீடி இருப்பது அவளுக்கே தெரியாது.

வீட்டில் போட்டோம். திறந்தது. ஐந்து பேரும் இருந்தார்கள். மரிய ரோஸ்லின், பிறந்த தேதி, சான்றிதழின் படம். என் கதிரையில் சூசை உட்கார்ந்து அவளை மடியில் வைத்திருக்கிற படமும் இருந்தது.

அம்மாவின் பக்கத்துக்கு வந்ததும் மேர்சி நிறுத்தினாள்.

“சித்தப்பா அன்னைக்குக் காலையில, உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னமே, எழுதச் சொன்னது இதுதான் அப்பா.”

“வாசி.”

“அம்மாவ நல்லபடியா அடக்கம் பண்ணியாச்சு. அண்ணன் பங்குக்கும் ஒரு பிடி மண் நானே போட்டேன்.”

அதை நான் என் கையால் அழிக்கவில்லை. என் வாயால் அழித்தேன்.

திங்கட்கிழமை போதகர் எல்லாவற்றையும் கொண்டுபோனார். சொன்னதும் எழுதியதும் ஒத்துப்போயின. இருந்தும் அவள் வெளியே வர மாதங்கள் ஆயின. ஆனால் வந்தாள். முதல் கிழமை முழுவதும் மேர்சி வம்சாவளியில் எழுதுவதை வாசலில் நின்றே பார்த்தாள். பிறகு ஒரு நாள் தானாகவே மேர்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு பேருக்கும் இறந்த தேதி சொன்னாள். நாலுக்கும் ஒரே தேதி.

“அடக்கம் எங்கம்மா?” என்று மேர்சி கேட்டாள்.

“அடக்கல்ல அக்கா. ஓடி வந்துட்டேன்.”

அடக்கம் எழுதுகிற இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. என் பங்குக்கும் மண் போட்டவனுக்கு ஒரு பிடி மண் போட ஆள் இருக்கவில்லை.

பழைய அட்டையைக் கழற்றிவிட்டேன். ஐந்து பெயரும் உள்ள புதியது கடையில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு இப்போதும் காட்டுகிறேன். சூசையின் பெயரில்தான் தொடங்குகிறேன்.

சகோதரர்களே, சகோதரிகளே, நாம் அழித்ததை ஆண்டவர் எங்கேயோ ஒரு பிரதி வைத்திருக்கிறார். அதை நம்பிக் கேளுங்கள், தருவார். ஆனால் வெட்டிய ஆள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். நான் பிந்திக் கேட்டேன். ஐந்து பெயரைத் திருப்பித் தந்தார். ஒன்றுதான் நடந்து வந்து என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டது. அந்த ஒன்றுக்காக, சாகும்வரை அவருக்கு ஸ்தோத்திரம்.