கை காட்டினால் நிற்கும் கால்

1. திரும்ப வழியில்லை

ஹெவி லைசென்ஸ் கார்டு தபாலில் வந்த அன்று என்னிடம் ஆட்டோ இல்லை. அதை விற்றுத்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருந்தேன். உக்கடம் பக்கம், ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்தது எங்கள் ஸ்டாண்டு. அங்கே எனக்கிருந்த இடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டாண்டில் இடம் ஒருமுறை கைவிட்டுப் போனால் போனதுதான். லாரி வேலை கிடைக்காவிட்டால் திரும்பிப் போக எனக்கு ஒரு வழியும் இல்லை.

நாற்பதை நெருங்குகிறவனுக்கு எதற்கு லாரி என்று கேட்காதவர்கள் இல்லை. இப்போது போனைத் தட்டினால் வாசலுக்கே பைக் வந்து நிற்கிறது. ஸ்டாண்டில் நாங்கள் பேப்பரை மணமகள் தேவை விளம்பரம் வரை படித்து முடித்துவிட்டு, மறுபடி முதல் பக்கத்துக்குப் போவோம். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மதியத்தில்தான் லாரிக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

என் மனைவி சபீரா மட்டும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போட்டோவுல ஏனுங்க இப்படி மொறைக்கறீங்க? இதப் பாத்தா யாரு வேலை குடுப்பாங்க?" என்றாள்.

சிரித்தேன். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

இப்போது லைசென்ஸ் எடுத்துவிட்டு அலைகிற பலரும் என்னிடம் முதல் வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

2. வண்டிக்கு வால் உண்டு

முதலில் லாரிப்பேட்டைக்குப் போனேன். அங்கே புக்கிங் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும். எந்த ஆபீஸில் நுழைந்தாலும் ஒரே கேள்விதான்.

"எக்ஸ்பீரியன்ஸ் இருக்குதுங்களா?"

"ஆட்டோ பதினஞ்சு வருசம் ஓட்டியிருக்கேனுங்க."

ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "பாய், கோவிச்சுக்காதீங்க. ஆட்டோ ஓட்டுனவங்களுக்கு வண்டிக்கு வால் இருக்குதுங்கறதே மறந்துபோயிருமுங்க. ரெண்டு வருசம் கிளீனராப் போயிட்டு வாங்க, பாக்கலாம்."

இங்கே யாரும் முகத்தில் அடித்தாற்போல் பேச மாட்டார்கள். 'போங்க' என்பதைக்கூட 'போயிட்டு வாங்க' என்றுதான் சொல்வார்கள். அந்த மரியாதையோடு என்னைப் பல ஆபீஸிலிருந்தும் வெளியே அனுப்பினார்கள்.

எக்ஸ்பீரியன்ஸ் இருந்தால்தான் வேலை. வேலை பார்த்தால்தான் எக்ஸ்பீரியன்ஸ். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

கடைசியில் ஒரு பவுண்டரியில் ட்ரையல் கிடைத்தது. காஸ்டிங், அதாவது இரும்பு வார்ப்புகள், ஏற்றிப்போகும் லாரி. யார்டுக்குள் ஒரு சுற்று சுற்றிவந்து கேட் பக்கம் நிறுத்த வேண்டும். நன்றாகத்தான் ஓட்டினேன். திரும்பி வரும்போது இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி தெரிந்தது. சந்து தெரிந்தால் மூக்கை நுழைப்பதுதானே ஆட்டோக்காரன் புத்தி! நான் யோசிப்பதற்குள் கை ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டது. மூக்கு நுழைந்தது. வால் நுழையவில்லை. நின்றிருந்த வண்டியின் சைடு மிரர் நொறுங்கி விழுந்தது.

மேனேஜர் திட்டவில்லை. "நீங்க ஆட்டோவா ஓட்டிட்டிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

3. வாயைத் திறக்காதீங்க

பேட்டை வாசலில் இருந்த டீக்கடையில் மயில்சாமி என்று ஒரு புரோக்கர் உட்கார்ந்திருப்பார். டிரைவர் தேவைப்படும் ஓனர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். என் கதையை முழுதாகக் கேட்டுவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏனுங் பாய், போற எடத்துல எல்லாம் ஆட்டோ ஆட்டோன்னு சொன்னா எவன் சாவி குடுப்பான்? சின்ன வண்டி ஓட்டிட்டு இருந்தேன்னு சொல்லுங்க. அவங்களா மினி லாரின்னு நெனச்சுக்குவாங்க. நாம பொய்யுஞ் சொல்லல பாருங்க."

அவரே ஓர் இடத்துக்கும் அனுப்பினார். கிணத்துக்கடவில் கனகமணி என்று ஒரு அம்மா. மூன்று லாரி வைத்து, பண்ணைகளிலிருந்து கோயமுத்தூர் கடைகளுக்கு முட்டை ஏற்றி அனுப்புகிறவர். அவருடைய டிரைவர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். லோடு ஏற்றிய வண்டி பண்ணையிலேயே நிற்கிறது.

"அந்தக்காவுக்கு அவசரம். உங்களுக்கும் அவசரம். இதுல வேலை அமையலைன்னா எங்கிட்ட வேற எடம் இல்லீங்க. வாயத் தொறக்காம ஓட்டிட்டு வாங்க" என்றார் மயில்சாமி.

4. முட்டை லோடு

கனகமணி அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். பண்ணை வாசலில் லாரியைச் சுற்றிவந்து கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முன்னாடி என்னங்க ஓட்டுனீங்க?"

"சின்ன வண்டிங்க்கா."

"சரி. காலி வண்டிய ஆரு வேணா ஓட்டிப்போடுவாங்க. நான் லோடோடதான் ட்ரையல் பாப்பேன். ஏறுங்க, நானும் வாரேன்."

பின்னால் ஆளுயரத்துக்கும் மேலே முட்டை அட்டைகள். டிரைவிங் ஸ்கூல் லாரியில் பாரம் என்று நாங்கள் ஏற்றியது எங்களைத்தான். லோடு வண்டியைத் தொடுவது எனக்கு அதுதான் முதல் தடவை. பிஸ்மி சொல்லி ஸ்டார்ட் செய்தேன். இடது கை பழக்கதோஷத்தில் ஆட்டோவின் கைப்பிடி கிளட்சைத் தேடியது. கையை இழுத்து கியர் மேல் வைத்தேன்.

பண்ணையிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகிற பாதை இருபுறமும் தென்னந்தோப்பு. நடுவில் மேடும் பள்ளமும். சந்து எதையும் பார்க்கக்கூடாது, வாலை மறக்கக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் கை படிந்துவிட்டது. அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை கிடைத்துவிடும் போலிருக்கிறதே என்று முதல்முறையாக நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த பாட்டி ஒருவர் கையை நீட்டினார்.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். இண்டிகேட்டர் போட்டேன். வண்டியை இடப்பக்கம் ஒதுக்கி, சரியாக அந்தப் பாட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லாம் தானாக நடந்தது.

"ஏங் கண்ணு, உக்கடம் போகுமா?" என்றார் பாட்டி, கீழிருந்து அண்ணாந்து பார்த்து.

"போகுமுங்காத்தா. ஏறுங்க."

சொன்ன பிறகுதான் நான் லாரியில் உட்கார்ந்திருப்பது எனக்கு உறைத்தது. மெதுவாகத் திரும்பினேன். கனகமணி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் பாய், நீங்க ஆட்டோக்காரருங்களா?"

இனி மறைத்துப் பயனில்லை. "ஆமாங்க்கா."

"அத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்ன எடத்துல எல்லாம் போயிட்டு வாங்கன்னு அனுப்பிச்சுட்டாங்கக்கா."

அவர் முகம் இறுகிவிட்டது. "வண்டிய நடுவுல போட்டுட்டுப் போக முடியாது. கோயமுத்தூரு வரைக்கும் ஓட்டுங்க. கடையில எறக்குனதும் சாவியக் குடுத்துட்டுக் கெளம்பிக்கலாம்."

அதற்குள் பாட்டி மூட்டையைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது. சட்டப்படி தப்பு, நீங்கள் யாரும் செய்யாதீர்கள். அக்காவுக்கும் அது தெரியும். ஆனால் ஏறுங்க என்று சொல்லிவிட்டு, ஏறுகிறவரை எப்படி இறங்கச் சொல்வது? கொங்கு நாட்டில் அதைச் செய்ய யாருக்கும் வாய் வராது. அக்கா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார்.

"ஏறுங்காத்தா. பாத்து, பாத்து. மூட்டைய இப்படிக் குடுங்க."

5. அலுங்காமல்

வேலை போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது. வீட்டுக்குப் போய் சபீராவிடம் என்ன சொல்வது? கை காட்டினார்கள், நிறுத்தினேன், வேலை போச்சு என்றா?

ஆனால் போனது போனதுதான் என்று ஆனபிறகு ஒரு நிம்மதியும் வந்தது. லாரிக்காரன் மாதிரி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. வண்டியில் ஒரு வயதானவர் ஏறியிருக்கிறார். அவரை அலுங்காமல் கொண்டுபோய் இறக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்த வேலை.

ஆட்டோக்காரன் பொட்டென்று நிற்பான் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான். ஆனால் எங்களுடையது பிரசவ ஆஸ்பத்திரி ஸ்டாண்டு. ஏறுகிறவர்கள் நிறைமாதப் பெண்கள், இல்லையென்றால் ஆபரேஷன் முடிந்து பச்சைக் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறவர்கள். பள்ளத்தில் விட்டால் பின்சீட்டிலிருந்து வருகிற ஒரு முனகல் போதும், அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது. அதனால் ஸ்பீடு பிரேக்கருக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைப்போம். பிரேக்கை மிதித்து, வண்டி நிற்கப்போகிற நேரத்தில் காலை இலேசாக எடுத்துவிடுவோம். அப்படிச் செய்தால் நின்றதே தெரியாது. லாரியில் ஏர் பிரேக் என்பதால் இன்னும் பூப்போலத் தொட வேண்டியிருந்தது.

மலுமிச்சம்பட்டி வந்தது. ஈச்சனாரி வந்தது. பாட்டி பேரனுக்குப் பெண் பார்க்கிற கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா 'உம்' கொட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று பாட்டி சொன்னார்:

"பஸ்ஸுல வந்தா இந்நேரம் இடுப்பு கழண்டு போயிருக்கும் அம்மணி. இது தொட்டில்ல போட்டு ஆட்டுறாப்புல இருக்குது. நான் தூங்கியே போயிருவேன்."

அக்கா 'உம்' கொட்டவில்லை. அதற்கப்புறம் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

உக்கடத்தில் பாட்டியை இறக்கிவிட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "எவ்வளவு கண்ணு?" என்றார். கோயமுத்தூரில் ஆட்டோக்காரர்களுக்கும் மீட்டருக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். பதினைந்து வருடம் நான் ஏறெடுத்துப் பார்க்காத மீட்டரை அன்று என் கண் தேடியது.

"ஒண்ணும் வேண்டாமுங்காத்தா. போயிட்டு வாங்க" என்றார் அக்கா.

6. சாவி

கடையில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினேன். வாலை மறக்கவில்லை. லோடு இறக்குகிறவர் வழக்கம்போல் கையில் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். முட்டை லாரி வந்து நின்றால் உடைந்த முட்டை பலகை இடுக்கு வழியாக ஒழுகும். இறக்குவதற்கு முன்னால் கழுவிவிட வேண்டும். அவர் குனிந்து அடியில் பார்த்தார். சுற்றிப் போய் மறுபக்கமும் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, இன்னிக்கு முட்டைதான ஏத்தியாந்தீங்க? ஒரு சொட்டு ஒழுகலீங்களே" என்று வாளியை அப்படியே கீழே வைத்தார்.

அக்கா அவரே தார்ப்பாயை விலக்கி, அடி அட்டையிலிருந்து பார்த்துக்கொண்டே போனார். ஒன்றிரண்டு கீறல் விட்டிருந்தன. அது எந்த வண்டியிலும் இருக்கும். நான் பேச்சு மாறக்கூடாது என்று சாவியைக் கழற்றி நீட்டினேன்.

அக்கா வாங்கவில்லை.

"உங்களுக்கு முன்னாடி ஓட்டுனவரு பன்னெண்டு வருச எக்ஸ்பீரியன்ஸுங்க" என்றார். "வாரம் தவறாம வாளி வாளியா ஊத்திக் கழுவுவோம். நாளைக்கு வெடியால பண்ணைக்கு வந்துருங்க. ஆனா ஒண்ணு."

"தெரியுமுங்க்கா. இனி யாரு கை காட்டுனாலும் நிறுத்த மாட்டேன்."

"அது கெடக்குது. அந்த ஆத்தாவுக்கு நிறுத்துனீங்க பாருங்க, அப்படியேதான் எல்லா எடத்துலயும் நிறுத்தோணும்."

சாவியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வாளிக்காரர் பார்க்காத பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். அப்படியே வீட்டுக்குப் போன் போட்டேன். சபீரா எடுத்ததும் வேலை கிடைத்துவிட்டது என்றேன். "என்ன லோடுங்க?" என்றாள். சொன்னதும், "முட்டையா? உங்கள நம்பியா?" என்று சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

இப்போது அந்த அக்காவின் வண்டிகளுக்கு ட்ரையல் பார்ப்பது நான்தான். லைசென்ஸோடு வருகிறவர்களிடம் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை. இதற்கு முன்னால் என்ன ஓட்டினீர்கள் என்று கேட்கிறேன். பால் வண்டியோ, டிராக்டரோ, எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். எதை விடவேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். நான் விட்டது சந்தில் மூக்கை நுழைக்கும் புத்தியை.

இன்றைக்கும் ரோட்டோரம் யாராவது கை காட்டினால் என் வலது கால் பிரேக்கைத் தேடுகிறது. நிறுத்துவதில்லை. ஆனால் அந்தக் காலை நான் கோபித்துக்கொள்வதும் இல்லை. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அதுதான்.