பாதி தெரியாத மனுஷன்

கவர் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது கோதுமை ஆராய்ச்சிப் பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். கோதுமைக் கதிர்களில் வெளி மகரந்தம் படாமல் காகித உறை மாட்டுவது அவளுடைய வேலை. அதனால்தான் அந்தப் பெயர். உறைமேல் தெரியாமல் முழங்கை பட்டால் போதும், பட்டவர் அன்றைக்குத் தொலைந்தார். ஆனால் அதெல்லாம் சில்லறைக் கோபம். மொத்தக் கோபத்தையும் அவள் கட்டிய புருஷனுக்கென்றே வைத்திருந்தாள்.

அவர் அதே பண்ணையில் காற்றடித்து விதை சுத்தம் செய்யும் மெஷினை ஓட்டுகிறவர். தங்கமான மனுஷன்தான், ஆனால் பாதி என்கிற சொல் மட்டும் அவர் மண்டையில் ஏறவே ஏறாது. அரை டம்ளர் டீ கேட்டால் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து நிற்பார். ஜன்னலைப் பாதி சாத்தச் சொன்னால் தாழ்ப்பாளே போட்டுவிடுவார். ஏன் இப்படி உயிரை வாங்குகிறீர்கள் என்று கேட்டால், குறை வைக்காமல்தானே செய்தேன் என்பார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

வேலையிலும் அவளுக்கு ஒரு தலைவலி வாய்த்திருந்தது. துரு நோய்க்கு மசியாத காட்டுப்புல் ஒன்றையும் கோதுமையையும் சேர்த்து உண்டாக்கிய கலப்புச் செடி அது. ஜோராக வளரும், கதிரும் விடும், கசக்கிப் பார்த்தால் வெறும் பதர். மகரந்தமும் சூலும் உருவாகும்போது, செடியின் குணங்களைச் சுமக்கும் இழைகள் ஜோடி சேர்ந்து சரிபாதியாகப் பிரிய வேண்டும். இதில் கோதுமை இழைக்கும் புல் இழைக்கும் ஒட்டவே ஒட்டாது. ஜோடியில்லாமல் ஆளுக்கொரு பக்கம் சிதறி எல்லாம் பாழாகும். இழைகளை இரட்டிப்பாக்கும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், செடிதான் செத்தது. அபூர்வமாக ஏதாவது ஓர் உயிரணு, பிரிய மறந்து முழுசாகவே நின்றுவிடுமாம். அப்படி மறந்த மகரந்தமும் மறந்த சூலும் சேர்ந்தால் மணி பிடிக்கும். அந்த மணிக்குள் எல்லா இழைக்கும் ஜோடி இருக்கும், அதிலிருந்து வளரும் செடி நன்றாக விளையும். யார் தப்புச் செய்தாலும் பொறுக்காத கவர் அக்கா, வருஷக்கணக்காக இப்படி ஒரு தப்புக்காகக் காத்துக் கிடந்தாள்.

பண்ணைத் தலைவர் இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு மணியாவது கிடைக்காவிட்டால் அந்தச் செடிகள் வளரும் கண்ணாடி அறை தக்காளிக்காரர்களுக்குப் போய்விடும். செடிகள் எருக்குழிக்குப் போகும். அவள் பட்ட பாடும் கூடவே போகும்.

கசக்கிக் கசக்கி அவள் கை வீங்கிக் கிடந்ததால் மீதிக் கதிர்களை மெஷினில் போட வேண்டியதாயிற்று. இப்படிப் பிறக்கிற மணி சூம்பிப்போய் லேசாக இருக்கும், பதரோடு பறந்துவிடும் என்பதால், காற்றைப் பாதி வையுங்கள் என்று புருஷனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அந்த நேரம் பார்த்துத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். அவள் திரும்பி வந்தபோது மெஷின் கூரை அதிர ஊதிக்கொண்டிருந்தது. மணி விழ வேண்டிய தட்டில் தூசிகூட இல்லை.

"பாதின்னுதானே சொன்னேன், காதுல விழுந்துச்சா இல்லையா?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"உங்களைக் கட்டிக்கிட்டு நான் படுறது போதாதா? என் வேலையையும் ஊதித் தள்ளிட்டீங்களே!"

அத்தனை பேர் முன்னால் கத்தினாள். கத்தி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் பதர் மூட்டையை இழுத்து ஒரு துணியில் கொட்டி, குனிந்து உட்கார்ந்து கையால் அளைய ஆரம்பித்தார். அவளும் எதிரே போய் உட்கார்ந்தாள். இரக்கமெல்லாம் இல்லை; இந்த மனுஷனை நம்பி விட்டால் கிடைக்கிற மணியையும் தொலைத்துவிடுவார் என்கிற பயம்தான். இருட்டும் நேரத்தில் அவர் தயங்கித் தயங்கி உள்ளங்கையை நீட்டினார்.

"இந்தாம்மா, இது கல்லா மணியான்னு பாரு."

சுருங்கிப்போன ஒரு மணி. அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மணி முளைத்தது. தலைவர் வேர் நுனியை மைக்ராஸ்கோப்பில் வைத்து இழைகளை எண்ணினார். கலப்புச் செடியில் இருந்ததைப் போலச் சரியாக இரண்டு மடங்கு.

"எதுவும் பாதியாகலம்மா. ரெண்டு பக்கமும் அப்படியே முழுசா வந்திருக்கு."

"எங்க வீட்லயும் அப்படி ஒண்ணு இருக்குங்க ஐயா" என்றாள் அவள். தலைவருக்கு விளங்கவில்லை, ஆனால் கண்ணாடி அறை அவளுக்கே என்றார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து, எப்போதும்போல அரை டம்ளர் டீ கேட்டாள். மெஷின் சமாச்சாரத்துக்குப் பிறகு மனுஷன் மிரண்டுபோயிருந்தார். டம்ளரை விளக்குக்கு நேராகப் பிடித்து, ஊற்றி, கொஞ்சம் திரும்பக் கொட்டி, மறுபடி அளவு பார்த்து, சரிபாதியாகக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, சரியா என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு நெஞ்சை என்னவோ செய்தது. எரிச்சலும் பொத்துக்கொண்டு வந்தது.

"இதென்ன பாதியும் குறையுமா? போய் முழுசாக் கொண்டாங்க."