உள்ளங்கையில் எழுதிய நம்பர்

பால் பாக்கெட்டின் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ஒருமுறை தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, அதன்பிறகுதான் "ஓகே" என்கிறார் பத்ரிநாராயணன். யாதம்மா சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறாள். குஷாய்குடாவில் அவள் பால் போடும் அறுபது வீடுகளில் பாக்கெட்டைப் பரிசோதித்து வாங்குகிற வீடு இது ஒன்றுதான். ஐந்து வருடமாக நடப்பதால் அவளுக்குக் கோபம் வருவதில்லை.

பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். பூதக்கண்ணாடி வழியாகப் பற்றவைப்புகளைப் பார்த்துப் பார்த்து இடது கண் கொஞ்சம் சுருங்கியே நின்றுவிட்டது. அங்கே ரிப்போர்ட்டில் எழுதிய ஒரு வார்த்தை ஓய்வுக்குப் பிறகும் கூடவே வந்துவிட்டது. காபியில் சர்க்கரை குறைந்துவிட்டது என்று மனைவி கனகவல்லி தானே ஒப்புக்கொண்டால், "அப்சர்வ்டு" என்பார். மகள் சாருலதா கச்சிபௌலியிலிருந்து போன் செய்து, "ஆபீஸ் போக ரெண்டு மணி நேரம் ஆறதுப்பா" என்று அலுத்துக்கொண்டால், "நாட் அப்சர்வ்டு. நான் வந்து பார்க்கலையே" என்பார். கண்ணால் பார்க்காத எதற்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. தொழிற்சாலையில் அதற்காக அவருக்கு நல்ல பெயர்.

யாதம்மாவுக்கு முன்னால் இங்கே பால் போட்டுக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் யாதகிரி. 2005 ஜனவரியில், விடிந்தும் விடியாத ஒரு காலையில், கால்சென்டர் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய வெள்ளை வேன் ஒன்று அவனைச் சைக்கிளோடு அடித்துத் தள்ளியது. ஒரு கணம் நின்றது. பிறகு வேகமெடுத்துப் போய்விட்டது. நடைக்குப் போயிருந்த பத்ரிநாராயணனின் சட்டைப் பையில் பேனா இருந்தது, காகிதம் இல்லை. இடது உள்ளங்கையில் நம்பரை எழுதிக்கொண்டு ஓடினார். யாதகிரியின் உயிர் அவர் மடியில்தான் போயிற்று. ஜனங்கள் உடலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகுமுன் நம்பரை ஒழுங்காக எழுதி எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் வீட்டுக்கு வந்தார்.

கனகவல்லி கொல்லைக் குழாயடியில் வாளியோடு நிறுத்திவிட்டாள்.

"மேலெல்லாம் ரத்தம். எதையும் தொட்டுடாதீங்கோ. தீர்த்தமாடிட்டு உள்ளே வாங்கோ."

"கையில நம்பர் இருக்குடி. அழிஞ்சுடும்."

"படியுங்கோ, நான் எழுதிக்கறேன்."

அவர் உள்ளங்கையைப் பார்த்துப் படித்தார். அவள் அன்றைய தேதிக் காலண்டர் தாளில் எழுதினாள். இரண்டு தரம் சரிபார்த்த பிறகே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சாவு தொட்டவர் குளிக்காமல் வாசற்படி ஏறுவது அந்த வீட்டில் இல்லை.

ஸ்டேஷனில் தாளைக் கொடுத்தபோது எஸ்.ஐ. கேட்டது ஒரே கேள்வி: எழுதியது யார்? "நான்தான்" என்றார். பொம்மனாட்டியைக் கோர்ட்டுப் படி ஏற்றுவானேன் என்றுதான் அப்படிச் சொன்னார். அவர் வாழ்நாளில் தெரிந்தே சொன்ன பொய் அது ஒன்றாகத்தான் இருக்கும். வாக்குமூலத்தில் அப்படியே பதிவாயிற்று.

நம்பரை வைத்து வேனைப் பிடித்தார்கள். அன்றைய டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போட்டிருந்த டிரைவரைப் பிடித்தார்கள். வேனின் முன்பக்கத்தை அதற்குள் மாற்றியிருந்தார்கள். அடித்தது அந்த வேன்தான் என்று சொல்ல நம்பரை விட்டால் வேறெதுவும் இல்லை. அரசு வக்கீல் அந்தக் காலண்டர் தாளையே நம்பியிருந்தார்.

விசாரணைக்கு மூன்று வருடம் ஆயிற்று. டிரைவர் பக்க வக்கீல் உமாசங்கர், மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர். கோர்ட்டில் தெலுங்கில் கேட்டார்.

"இது உங்கள் எழுத்தா?"

பத்ரிநாராயணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பார்த்தார். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்திருந்தார்.

"இல்லை. என் மனைவியோடது."

அரசு வக்கீல் கையிலிருந்த காகிதக் கட்டை மேஜைமேல் வைத்தார்.

"அப்படியானால் நீங்கள் எழுதினது எங்கே?" என்றார் உமாசங்கர்.

"என் கையில் இருந்தது."

"இப்போது?"

"குளித்துவிட்டேன்."

கோர்ட் சிரித்தது. பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாதம்மாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை.

"தாளைப் பார்க்காமல் நம்பரைச் சொல்வீர்களா?"

"சொல்வேன். ஆனால் அது ரோட்டில் பார்த்த ஞாபகமா, தாளில் நூறு தரம் படித்த ஞாபகமா என்று என்னால் பிரிக்க முடியாது."

"டிரைவர் முகம்?"

"நாட் அப்சர்வ்டு."

போலீஸிடம் ஒன்று, கோர்ட்டில் ஒன்று. சந்தேகத்தின் பலனை டிரைவருக்குக் கொடுத்து விடுதலை செய்தார்கள். வராண்டாவில் உமாசங்கர் அவரைத் தேடி வந்தார்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. கோர்ட்லயும் 'நான்தான் எழுதினேன்'னு சாதிச்சிருந்தீங்கன்னா நான் தோத்திருப்பேன். இல்ல, ஸ்டேஷன்லயே உள்ளதைச் சொல்லி, ஆன்ட்டியும் சாட்சி சொல்லியிருந்தா அப்பவும் தோத்திருப்பேன். ரெண்டுக்கும் நடுவுல நின்னுட்டீங்க. கைக்கு மாமா, எதுக்கு ஆன்ட்டிய மறைச்சீங்க?"

அவர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். "என்னைக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே. யார் கேட்டா என்னை?" என்றாள் கனகவல்லி. இரண்டு வருடமாகிறது. அதன்பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் தினமும் எடுக்கிறார், தனக்குள்ளே. தெருவில் வேன் போனால் உதடு அசைகிறது, நம்பரை முணுமுணுக்கிறார். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சின்ன நோட்டும் சேர்ந்துகொண்டது. யாதம்மா வரும் நேரத்துக்கு முன்பே கேட்டருகே நிற்பார். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் பாக்கெட்டின் மூலைகளை இப்போதெல்லாம் கூடுதல் நேரம் பார்க்கிறார் என்று கனகவல்லிக்குத் தெரியும்.

இன்று யாதம்மா பால் கொடுத்த பிறகும் நகரவில்லை. தன் புருஷன் சாவுக்கான நஷ்டஈட்டுக் கேஸ் இன்னும் முடியவில்லை என்றாள். அங்கே கிரிமினல் கோர்ட் மாதிரி அவ்வளவு கறார் இல்லையாம், ஆனாலும் வேன் அதுதான் என்று யாராவது சொல்ல வேண்டுமாம்.

"காலண்டர்ல எழுதின அம்மா வருவாங்களான்னு லாயர் காரு கேக்கறாரு சார். அம்மாவையே அவர்கிட்ட போன்ல பேசச் சொன்னாரு" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில். "நெம்பர் சொல்றேன், ராஸ்கோண்டி, எழுதிக்கோங்க."

பத்ரிநாராயணன் பனியனோடு நின்றார். நோட்டு உள்ளே சட்டையில் இருந்தது. பால் அட்டையில் குறிப்பதற்காகக் கேட்டில் கட்டித் தொங்கவிட்ட பேனா இருந்தது. மாதக் கடைசி, அட்டையில் இடமில்லை. அவர் இடது கையை விரித்தார். யாதம்மா ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். எழுதி, திரும்பப் படித்துக் காட்டினார். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"கையலம்பிண்டு வாங்கோ, காபி ஆறிடறது" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.

அவர் குழாயைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போகிறார். அடுப்பின் முன்னால் நிற்கும் கனகவல்லியிடம் இடது உள்ளங்கையை விரித்து நீட்டுகிறார்.