மூணு கோட்டுப் புத்தகம்

எங்கள் தெருவிலேயே பயம் என்றால் என்னவென்று தெரியாத பொம்பளை என் சித்திதான் என்று ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் அடித்துச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாராவது மறுத்தால் சண்டைக்கே போய்விடுவேன். பாய் கடையில் வாடகைக்கு எடுத்த கதைப் புத்தகங்கள்தான் என் ஆதாரம்.

சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. தென்னேரியில் வாக்கப்பட்டவள். அக்கா தங்கை இருவருக்கும் தாய் இல்லாததால் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே போய்விட்டிருந்தது. இதுவும் தங்கவில்லை என்றால் மகனுக்கு வேறு பெண் பார்த்துக்கொள்வோம் என்று அவள் மாமியார் நாலு பேர் முன்னால் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமே என்று எங்கள் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அம்மா சட்டம் போட்டாள். பப்பாளி கூடாது, வாசற்படியில் உட்காரக் கூடாது, சாவுச் சேதி காதில் விழக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே பயப்படக் கூடாது. “பயந்தா வயித்துப் புள்ளைக்கு ஆவாதுடி, சொல்ட்டேன்” என்று ஒரு சாமி கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்து உட்கார வைத்தாள். சித்தி அதை இரண்டு நாள் படித்தாள். பாவம், அவ்வளவுதான் அவளால் முடிந்தது. மூன்றாம் நாள் என்னைக் கண்ணைக் காட்டிக் கூப்பிட்டு, பாய் கடைக்குப் போய்ட்டு வர்றியா கண்ணு என்று கேட்டாள். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. வாயும் வயிறுமாக இருப்பது பாய்க்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் கொடுக்க மாட்டார்.

பாய் புத்தகம் பைண்டு செய்கிறவர். கடையின் பின்பக்க அலமாரிகளில் வாடகைப் புத்தகங்கள் வைத்திருந்தார். ஒரு கதை நல்ல கதையா என்று சொல்ல அவரிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. அதைப் படித்தால் எத்தனை ராத்திரி தூக்கம் கெடும்? அதை அட்டையின் உள்பக்கம் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். துப்பறியும் கதைகளுக்குப் பெரும்பாலும் ஒரு கோடு. விஞ்ஞானக் கதைகளுக்கு இரண்டு. செத்தவர்கள் எழுந்து நடமாடும் மாயமந்திரக் கதைகளுக்கு மூன்று. மூன்று கோடு வாங்கியவை கடையிலேயே நாலைந்துதான். அவற்றைக் கண்ணாடி பீரோவில் போட்டுப் பூட்டியிருந்தார். எதைக் கொடுத்தாலும் செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டி, “பெரியவங்க படிக்கிறது பாப்பா, வழியில பிரிக்காத” என்பார். சணலை அவிழ்க்க எனக்குத் தெரியாது என்று நினைத்தார் போல.

முன்கட்டில் அப்பாவின் தறி. பின்கட்டில் நானும் சித்தியும். மத்தியானத்தில் பக்கத்து வீட்டுக்குப் பட்டு இழைக்கப் போகும் அம்மா விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். தறிச் சத்தம் கேட்கிறவரை எங்களுக்கு ஆபத்தில்லை. சத்தம் நின்றால் அப்பா எழுந்துவிட்டார் என்று அர்த்தம். அடுத்த நொடி புத்தகம் முறத்துக்கடியில் போய்விட வேண்டும். காவல் வேலை என்னுடையது.

முதலில் வந்தது ஒரு கோட்டுப் புத்தகம். மலை பங்களாவில் ஒரு கொலை. பீரோவைத் திறந்ததும் பிணத்தின் கை வெளியே விழுகிற இடத்தில் சித்தி “அம்மாடி!” என்றாள். உடனே சிரித்துவிட்டாள். என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து, “ஒதைக்கிறான் பாருடி! பயந்துட்டான், போக்கிரிப் பய” என்றாள். உள்ளங்கைக்கடியில் குடத்து மீன் மாதிரி என்னவோ புரண்டது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அதற்குப்பின் இதுவே எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. பயங்கரமான இடம் வரும்போதெல்லாம் என் கை அவள் வயிற்றுக்குப் போகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி ஓடியது. ஒன்பதாம் மாதம் பிறந்தது. ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது சித்தி அந்த மலை பங்களாக் கதையையே மறுபடி வாங்கிவரச் சொன்னாள். பிணத்தின் கை விழுகிற பக்கத்தை எடுத்து ஒரு தடவை படித்தாள். கண்ணை மூடினாள். மறுபடி படித்தாள். என் கையை அவள் கூப்பிடவில்லை. அவள் கையே அங்கே இருந்தது.

“இது பயமா இல்லடி. ரெண்டு கோடு வாங்கியா” என்றாள்.

மறுநாள் வாங்கி வந்தேன். சாகக் கிடக்கும் ஒருவனின் இதயத்தை எடுத்துக் கண்ணாடி ஜாடியில் போட்டுத் துடிக்க வைக்கும் விஞ்ஞானியின் கதை. அன்றைக்கு சித்தி என்னையே படிக்கச் சொல்லிவிட்டாள். பெரியவர்கள் புத்தகம், அதுவும் வாய்விட்டு! எனக்குத் தலைகால் புரியவில்லை. தறிச் சத்தத்துக்கு மேலே போகாமல் ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். சித்தி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நடுவில் எழுந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். வலது பக்கம் திரும்பிப் படுத்தாள். ஜாடி உடைகிற இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். காலையில் வைத்த சோறு தட்டிலேயே காய்ந்து கிடந்தது. கதை சுவாரசியத்தில் சாப்பாட்டையே மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“இதுவும் ஒண்ணும் பண்ணல. மூணு கோடு வச்சிருப்பாரே, அத வாங்கியா. ஓடு கண்ணு.”

அடுத்த நாள் சனிக்கிழமை. கடை திறக்கும்போதே போய் நின்றேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ரெண்டு கோட்டுக்கு அசரலியா? நெசமாவா?” என்று கேட்டார். எங்க சித்திக்கு எந்தப் பயமும் கிடையாது பாய் என்று மார்தட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பீரோவைத் திறந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தவர், கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு சணல் கட்டினார்.

கோயில் குளத்துக்கடியில் புதைந்துபோன ஒரு நகரம். அதில் உயிரோடு சமாதி வைக்கப்பட்ட ராணி அமாவாசைக்கு அமாவாசை ஒரு படி ஏறி வருகிறாள். படிக்கும்போதே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசிப் படியில் கால் வைத்ததும் ராணி அலறினாள் என்று வந்தது. படித்தேன்.

“அப்பிடி இல்ல. அலறு” என்றாள் சித்தி.

“அப்பா தறியில இருக்காரு சித்தி.”

“இருக்கட்டும். என் வயித்துக்கிட்ட வந்து அலறுடி!”

என் மணிக்கட்டைப் பிடித்த அவள் கை சில்லென்று இருந்தது. மேலுதட்டில் வேர்த்திருந்தது. ராணியைவிட எனக்கு அப்போது அவளைப் பார்த்துத்தான் பயம். அந்தப் பயத்தையெல்லாம் சேர்த்துத் தொண்டை கிழிய அலறினேன்.

தறி நின்றது.

புத்தகத்தை முறத்துக்கடியில் தள்ளப் பார்த்தேன். சித்தி முறத்தின்மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லை. இரண்டு கையும் வயிற்றின் மேல், கண் மூடி, பக்கத்து அறையில் யாரோ பேசுவதை ஒட்டுக்கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஓடி வந்து நின்றார். பக்கத்து வீட்டிலிருந்து அம்மா வந்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். என் முதுகுக்கு ஓங்கிய கை பாதியில் நின்றது. ஏனென்றால் சித்தி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக் காதில் என்னவோ சொன்னாள்.

“எத்தினி நாளா?” என்றாள் அம்மா. அது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

சித்தி மூன்று விரலைக் காட்டினாள். நாங்கள் திருட்டுத்தனமாகப் படிக்க ஆரம்பித்து மூன்று வாரத்துக்குக் கிட்டே இருக்கும். மூன்றே நாள் என்று எவ்வளவு அழகாகக் குறைத்துச் சொல்கிறாள் என்று உள்ளுக்குள் அவளை மெச்சிக்கொண்டேன்.

அப்பா செருப்புக்கூடப் போடாமல் ஓடி ஜட்கா வண்டி பிடித்து வந்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது சித்தி வெறுங்கையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேய்க்கதை படித்தால் பிள்ளை எப்படித் தங்கும் என்று தெரு பேசியது. அம்மா அந்தப் புத்தகத்தை வெந்நீர் அடுப்பில் போட்டாள். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் அலறலில்தான் பிள்ளை செத்தது என்று எனக்குத் தெரியும். நீ கத்தினதால ஒண்ணுமில்லடி என்று சித்தி ஒரு தடவை சொன்னாள். பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் நம்பவில்லை. “புள்ளத்தாச்சின்னு ஏம்மா எங்கிட்ட சொல்லல?” என்று தெருவில் பார்த்த பாய் கேட்டார். அன்றோடு அந்தக் கடைப்பக்கமே நான் போகவில்லை.

தென்னேரியில் சொன்னபடி வேறு பெண் பார்த்தார்கள். சித்தி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். கதைப் புத்தகம் பிறகு தொடவில்லை.

வருடங்கள் கழித்து நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கருட சேவை நாள். தெருமுனையில் அதிர்வேட்டு போட்டார்கள். என் வயிற்றுக்குள் பிள்ளை தூக்கிவாரிப் போட்டுத் துள்ளியது. சிரித்துக்கொண்டே கையை வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி என் முகத்தையே பார்த்தாள்.

“முழிச்சிக்கிச்சா?” என்று கேட்டாள்.

“ம்.”

“இன்னொரு வேட்டு போடுவாங்க. கைய எடுக்காத.”

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவள் காட்டிய மூன்று விரல் எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று நாளாக அசையாத பிள்ளையை எழுப்பப் பார்த்திருக்கிறாள். வெளியே சொன்னால் உண்மையாகிவிடுமோ என்று சொல்லாமலே இருந்திருக்கிறாள். மூன்று நாள் வாய்மூடி இருந்தாள் என்று தெரிந்தால் தென்னேரிக்காரர்கள் உயிரோடு விடமாட்டார்கள் என்று, அக்காவும் தங்கையுமாகப் பழியைப் புத்தகத்தின் தலையில் போட்டிருக்கிறார்கள். நான் அலறியபோது கேட்பதற்கு அவள் வயிற்றுக்குள் யாரும் இல்லை.

ஊரிலேயே அதிகமாகப் பயந்துபோயிருந்த அவளைப் பற்றித்தான், எங்க சித்திக்கு எந்தப் பயமும் கிடையாது பாய் என்று பெருமையாகச் சொல்லி, அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.