பரண் ஏறிய தைராய்டு மாத்திரை

1. சித்திரையில் கம்பளி

சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு ஒருத்தி எங்கள் டிஸ்பென்சரிக்கு வந்தாள். ஐம்பதுகளின் நடுவில், ஓசூர்ப் பக்கம் நான் நர்ஸாக இருந்த காலம் அது. சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த புதிது. எனக்குத் தெலுங்கும் வராது, கன்னடமும் வராது. அங்கே வருகிறவர்களோ தமிழோடு அந்த இரண்டையும் கலந்துதான் பேசுவார்கள். வாயாடி என்று பெயர் வாங்கிய நான் பாதி நேரம் கையால்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

வந்தவள் பெயர் முனிரத்னம்மா. வயது இருபத்தைந்து இருக்கும். பார்த்தால் நாற்பது சொல்லலாம். முகம் உப்பி, தோல் வறண்டு, புருவத்தின் ஓரத்து முடியெல்லாம் உதிர்ந்திருந்தது. பெயரைக் கேட்டால் யோசித்து யோசித்துச் சொன்னாள், அதுவும் ஆண்பிள்ளைக் குரலில். கூட வந்த மாமியார் திம்மக்காவுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது.

"தூங்குமூஞ்சி சிஸ்டரம்மா இவ. களி கிண்ட உட்டா துடுப்பப் புடிச்சிக்கினே தூங்குறா. கல்யாணமாயி ஆறு வருசம், வயித்துல ஒண்ணும் தங்கல. ராகி அறுப்பு ஆவட்டும், இவள ஆத்தா வூட்டுக்கு அனுப்பிட்டு என் மவனுக்கு வேற கட்டப்போறேன். பொண்ணுகூடப் பாத்தாச்சு."

மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொல்கிறாள்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்புறம் எதுக்கு இவளை இங்க கூட்டியாந்தே?" என்று கேட்டேவிட்டேன்.

"நாந்தாங்க கூட்டியாந்தேன்" என்று வாசலிலிருந்து ஒரு குரல். புருஷன் கிருஷ்ணப்பன். தலைத்துண்டைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

டாக்டர் அவளை நாற்காலியில் முட்டிபோட வைத்து, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியால் தட்டினார். பாதம் உதைத்தது. திரும்பி வரும்போது மட்டும் ஆடி அசைந்து, மெதுவாக வந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர்? இது சோம்பல் இல்ல, தைராய்டு" என்றவர் திம்மக்காவிடம் திரும்பினார். "இங்க பாரும்மா. கழுத்துக்கு முன்னால ஒரு சுரப்பி இருக்கு. அது சுரக்கிற ஹார்மோன் ரத்தத்துல கலந்துதான் உடம்பு முழுக்க வேலை வாங்குது. இவளுக்கு அது சுரக்கல. அதனால இருதயம், குடல், மூளை எல்லாமே மந்தம். குழந்தை தங்காததும் அதனாலதான் இருக்கும். அடுப்புல வெறகு இல்லாம, சோறு வேகலன்னு பானையத் திட்டி என்ன பிரயோசனம்?"

மாத்திரை பெங்களூரிலிருந்து ஜூஜுவாடி வழியாக பஸ்ஸில் வர வேண்டும். வந்ததும் டாக்டர் அதைக் கிருஷ்ணப்பன் கையில் கொடுத்துப் பெருமையாகச் சொன்னார்: "ஆட்டுக் கழுத்துலருந்து அதே சுரப்பிய எடுத்து, காயவெச்சுப் பொடிச்சு செஞ்சது. ஆயுசுக்கும் சாப்பிடணும், நிறுத்தவே கூடாது."

முதலில் அரை மாத்திரை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் அதிகம் கொடுத்தால் இருதயம் தாங்காது. "நாலா முழுங்குனா சட்டுனு ஆவாதா?" என்று திம்மக்கா கேட்டாள். அவளுக்கு அறுப்புக்குள் முடிவு தெரிய வேண்டும்.

ஆனி மாதம் முனிரத்னம்மா மடி நிறைய மாம்பழத்தோடு வந்தாள். கம்பளி இல்லை. முகம் வடிந்து, குரல் மெலிந்து, அடடா, என்ன அழகாகச் சிரித்தாள்! அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. திம்மக்கா மட்டும், "பாக்கலாம், அறுப்பு வரட்டும்" என்றாள்.

2. புரட்டாசி

புரட்டாசியில் அவள் மாத்திரை வாங்க வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை கட்டை வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். மறுபடியும் கம்பளி. கை சில்லென்று இருந்தது. நாடி மெதுவாக, எண்ணி எண்ணி அடிப்பது போல அடித்தது.

"உங்க மாத்திரையும் அவ்ளோதான்" என்றாள் திம்மக்கா. "அந்தப் பொண்ணு வூட்டுல பதில் கேக்குறாங்க. நான் வரச் சொல்லிடப் போறேன்."

நான் முனிரத்னம்மாவின் காதருகே குனிந்தேன். "மாத்திரை போடுறியா இல்லியா? உண்மையச் சொல்லுடி."

ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. "பரண்ல இருக்குது."

"பரண்லயா?"

"புரட்டாசி பொறந்ததும் கவுச்சிச் சட்டியக் கழுவி பரண்ல ஏத்துவோம். ஆடுதானே சிஸ்டரம்மா அதுவும்... சட்டிக்குள்ளயே பாட்டிலையும் வெச்சிட்டேன்."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். மருந்துக்குத் தோஷமில்லை என்று கத்தினார், கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. "திம்மப்பன் குடுத்த உசுரு. அவர் மாசத்துல கவுச்சி தின்ன மாட்டேன்" என்றாள். திருப்பதிப் பெருமாளை அங்கே திம்மப்பன் என்பார்கள். மாமியார் பேரும் அவர் பேர்தான்.

பாட்டில் பரண் ஏறியது திம்மக்காவுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"இன்னும் ரெண்டு வாரம் முழுங்கலன்னா என்னா ஆவும்?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. "இப்படியே தூங்குவா. அப்புறம் எழுந்திருக்க மாட்டா. ஆத்தா வூட்டுக்கு அனுப்புற வேலையே இருக்காது உனக்கு."

அவள் முகம் வெளிறிப்போனது. என்ன நினைத்தாளோ, வண்டிக்குப் போய்ச் சொம்புத் தண்ணீரோடு வந்தாள். சனிக்கிழமை பூஜை முடித்து முந்தானையில் முடிந்திருந்த துளசியை அவிழ்த்தாள். மருமகளை மார்பில் சாய்த்துக்கொண்டு அவள் முன்னால் கையை நீட்டினாள்.

"உன் விரதத்த எங்கையில குடு. உனக்கும் சேத்து நான் ஒரு வேளை சோறு மட்டும் தின்னுக்கினு இருக்கறேன். வருசா வருசம் இருக்கறேன். திம்மப்பன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ முழுங்கும்மா."

முனிரத்னம்மா அவள் முகத்தையே பார்த்தாள். ஆறு வருசத்தில் அந்த 'அம்மா'வை அவள் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். தாரை வார்ப்பது போலத் துளசியும் தண்ணீரும் மாமியார் கையில் விட்டாள். நான் அரை மாத்திரையை அவள் நாக்கில் வைத்தேன். கிருஷ்ணப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை.

3. காப்பி

ராகி அறுப்பு வந்தது, போனது. அந்த வேற பொண்ணை இன்னொரு ஊரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

இப்போது ரத்தப் பரிசோதனை இருக்கிறது, தொழிற்சாலையில் செய்த மாத்திரை இருக்கிறது, ஆட்டுக்கு வேலையில்லை. ஆனால் புதிதாக வருகிற நர்ஸுப் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எத்தனை வேளை மாத்திரை என்று சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், என்னென்ன விரதம் இருப்பாய் என்று கேளுங்கள்.

அந்த அறுப்புக்கு அடுத்து வந்த புரட்டாசியில் மாத்திரை வாங்கத் திம்மக்கா தனியாக நடந்து வந்தாள். மருமகளுக்கு மூன்று மாதமாம், நடக்க விடவில்லை. வெயிலில் உதடு காய்ந்துபோய் வந்தவளுக்கு நான் காப்பி கலந்து நீட்டினேன்.

"வேணாம் சிஸ்டரம்மா, விரதம்."

"காப்பி என்ன கவுச்சியா? போன வருசத்துக்கு முன்னல்லாம் விரதத்துல காப்பி குடிப்பேன்னு நீதானே சொன்னே?"

"அப்ப இருந்தது எனக்கு" என்றாள். காப்பியை என் பக்கமே தள்ளி வைத்தாள். "இந்த விரதம் அவளுது. இதுல நான் கை வெப்பனா?"